அம்மாவுக்குப் போகாத பாட்டு

சுகந்திப் பிள்ளைக்கு,

அப்பாவின் கையெழுத்தைக் கண்டதும் பயந்துவிடாதே. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு வைக்கிறது, அது பழைய கதை. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். போனில்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் எனக்கு வராது. இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அரை நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு நாகரிகம் வந்துவிடும், நாகரிகம் வந்தால் பின்னாலேயே பொய்யும் வந்துவிடும். இந்த உறைக்குள் ஒரு கசெட் இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படித்து முடி. பிறகு தனியாக இருந்து கசெட்டைப் போடு. உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து முதல் தடவையாகப் போட்டுவிடாதே. இதைப் புத்திமதியாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ லீட்ஸுக்குப் போகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தாய். தரையெல்லாம் பெட்டி. படித்து முடித்து முதல் வேலை, அதுவும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். போய்ச் சேர முன்னமே பாட்டு வகுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். பியானோ வேண்டாம், மிஸ் தண்டி எங்களுக்குச் சொல்லித் தந்த ஆபிரிக்கப் பாட்டுகளைத்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றாய். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே அந்த மலைப்பாட்டை முணுமுணுத்தாய், பாதியில் நின்றுபோனாய். “அப்பா, என்ர குரல் நினைவிருக்கு. மேல்குரலும் வருது. நடுக்குரல்தான் வருகுதில்லை. அப்ப பள்ளிக்கூட ஹோலில ரெக்கோட் பண்ணினமே, அந்தக் கசெட் எங்கை?” என்று கேட்டாய். “அது அம்மாவுக்கு அனுப்பினதெல்லே” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, பன்னிரண்டு வருசப் பழக்கம். நீ டேப்பைக் கடித்துக் கிழித்தாய். பிறகு, “பரவாயில்லை. அம்மா கேட்டவா தானே. அது காணும், வேற வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தாய். கசெட் அப்போது உனக்குப் பின்னால் இருந்த அலுமாரியில், என் கம்பளிக் கோட்டின் உள்பையில் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கசெட் எங்கே என்று நீ கேட்டதைத் தாங்கலாம். “அம்மா கேட்டவா தானே” என்று சொன்னாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகையால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. கேட்டுச் சந்தோசப்பட்டா என்று உனக்கு நான் சொன்னது பொய். பாட்டோடு அந்தக் கசெட் லண்டனை விட்டு ஒரு நாளும் வெளியே போகவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எண்பத்தாறில் நீயும் நானும் லண்டனில் வந்து இறங்கியபோது உனக்கு ஒன்பது வயது. உன் அம்மாவின் தகப்பன் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தார், அவரைப் போட்டுவிட்டு வர அவளுக்கு மனமில்லை. “நீங்கள் பிள்ளையைக் கொண்டு போங்கோ, ஐயாவுக்கு ஒரு வழி பாத்திட்டு நான் வாறன்” என்றாள். ஊரில் கணக்குப் படிப்பித்தவன் இங்கே உன் பள்ளிக்கூடத்திலேயே கேர்டேக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். கதிரை அடுக்குவது, ஹோல் என்கிற பெரிய மண்டபத்தைக் கூட்டுவது, கதவு பூட்டுவது. சனி ஞாயிறு பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட். இடைக்கிடை விசா அலுவலாகக் குரோய்டனில் அந்தப் பெரிய கட்டடத்தின் முன்னால் கியூ. கடைக்கு மேலே ஒரு அறை, அதற்குள் நாங்கள் இருவர். நீ பாடப் புத்தகம் படிப்பாய், நான் உன் தலையை இழுத்துப் பின்னுவேன், நீ கத்துவாய்.

அம்மாவின் குரல் மட்டும் கசெட்டில் வரும். அந்தக் காலத்தில் எங்கள் சனம் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கடிதம் போட்டால் போய்ச் சேருமோ தெரியாது. ஆகவே கசெட்டில் கதைத்து, போகிற வருகிற ஆட்களின் கையில் கொடுத்து விடுவோம். அதே கசெட்டில்தான் மறுமொழியும் போகும். அவள் கதைத்ததைக் கேட்டு முடித்து, அதற்கு மேலேயே நாங்கள் கதைத்து, திருப்பி அனுப்புவோம். அவளும் அப்படியே செய்வாள். அதனால்தான் அம்மாவின் குரல் என்று எங்களிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரேயொரு சட்டம் இருந்தது. வீட்டில் எல்லோரும் கேட்டு முடித்த பிறகுதான் மேலே பதியலாம்.

இனி மிஸ் தண்டி. சிம்பாப்வேயில் இருந்து வந்தவர், செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்ட பிறகு ஹோலில் பாட்டு வகுப்பு நடத்துவார். நீ அதில் சேர்ந்த அன்று நான் ஆடிய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். கணக்கில் கவனம் இல்லை, அதற்குள் பாட்டு ஒரு கேடா என்று தொடங்கி, கறுப்பு மனிசரைப் பற்றி எங்கள் ஊரில் சொல்கிற ஒரு சொல்லையும் சொன்னேன். அந்தச் சொல்லை நான் திரும்ப எழுத மாட்டேன். பெட்ரோல் ஷெட்டில் என்னைப் பார்த்து வேறொரு சொல்லைச் சொல்லிக் காறித் துப்பியவனை நினைத்து வீட்டில் வந்து குமைந்தவன்தான் இதையும் சொன்னேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பத்து வயதுப் பிள்ளையின் பார்வைக்கு நான் கண்ணைத் தாழ்த்தியது அன்றுதான்.

ஆனால் கதவு பூட்டுகிறவன் கடைசி வரை நிற்கத்தானே வேண்டும், ஆகவே நின்று முழுவதையும் கேட்டேன். முதல் நாளே மிஸ் தண்டி பியானோவின் மூடியைச் சாத்தி அதன் மேல் எல்லாருடைய கோட்டையும் போடச் சொன்னார். உங்களை வட்டமாக நிற்கவைத்து, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, பாட்டே இல்லாமல் அரை மணித்தியாலம் நடக்கவிட்டார். கால் ஒன்றாக விழத் தொடங்கிய பிறகுதான் ஒரு வரி பாடினார். எழுதிக் கொடுக்கவில்லை, கரும்பலகையில் போடவில்லை. அவர் பாட, நீங்கள் திருப்பிப் பாட, பிழைத்தால் பிழை என்று சொல்லாமல் அவர் திரும்பவும் பாடுவார். எத்தனை தரம் என்று நான் எண்ணப் பார்த்தேன், இருபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது. மேல்குரல் ஊறிய பிறகு நடுக்குரல், அது நின்ற பிறகு கீழ்க்குரல். தேவாரம் பாடவே சுருதிப்பெட்டி வேண்டும் என்று வளர்ந்தவன் நான். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கிட்டப் போய், “சுருதிக்கு ஒரு பெட்டி கொண்டு வந்து தரட்டுமா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “வயலில் நிற்கிறவளுக்கு யார் பெட்டி கொண்டு வருவது? யார் முதலில் தொடங்குகிறாரோ அவர்தான் சுருதி. மற்றவர்கள் காதைக் கொடுக்க வேண்டியதுதான்” என்றார்.

அடுத்த கிழமை இன்னொரு சண்டைக்குப் போனேன். உன்னைக் கீழ்க்குரலில் போட்டுவிட்டாராம். யாழ்ப்பாணத்துத் தகப்பன் பொறுப்பானா? வகுப்பில் முதலாம் பிள்ளை, பாட்டில் கீழாம் பிள்ளையா என்று எனக்குள் கொதித்தது. “என் மகளை மேலே போடுங்கள், அவளுக்கு எல்லாம் வரும்” என்றேன். அவர் என்னைக் கதிரையில் இருக்கவைத்து, உன்னை மட்டும் பேசாமல் நிற்கச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பாடச் சொன்னார். இரண்டாவது வரியிலேயே மற்றப் பிள்ளைகளின் குரல் இழுபட்டு எங்கேயோ போனது. பிறகு உன்னையும் சேர்த்துப் பாடச் சொன்னார். நான் எழும்பிப் போய் மிச்சக் கதிரைகளை அடுக்கினேன். உன் வகுப்பிலும் என்னைப் போல ஒரு தகப்பன் வருவான். அவனோடு வாதாடாதே, இப்படிச் செய்து காட்டிவிடு.

அந்த மலைப்பாட்டுக்கு அவர் சொன்ன விளக்கமும் நினைவிருக்கிறது. விறகுக்குப் போன பெண்கள் மலைக்கு அந்தப் பக்கம். பொழுது சாய, இந்தப் பக்கம் நிற்கிற ஒருத்தி கூப்பிடுகிறாள். அவர்கள் வருகிறோம், வழியில்தான் நிற்கிறோம் என்று மறுமொழி சொல்கிறார்கள். கூப்பிடுவது மிஸ் தண்டி, மறுமொழி நீங்கள். அவர் வாய் மூடியதும் நீங்கள் பாய்ந்து தொடங்கிவிடுவீர்கள். அதற்குத்தான் அவர் அதிகம் பாடுபட்டார். “அவள் கூப்பிட்டது மலையைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டாமா? பொறுங்கள். கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்” என்பார். கூப்பிடலுக்கும் மறுமொழிக்கும் நடுவே இரண்டு மூச்சு இடைவெளி. வாத்தியம் ஒன்றும் இல்லாதபடியால் அந்த இடைவெளியில் ஹோலில் ஹீட்டர் சத்தம்கூடக் கேட்கும்.

எண்பத்தேழு ஆடி முடிவில் ஊரில் இந்திய இலங்கை ஒப்பந்தம் எழுதிச் சண்டை நின்றது. இங்கே கடையில் ஆளுக்கு ஆள் கற்கண்டு கொடுத்தார்கள். புரட்டாசி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அம்மாவின் கசெட்டைக் கொண்டுவந்து தந்தார். நீ அன்று சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாய். நான் தனியாக இருந்து போட்டுக் கேட்டேன். நீ வந்து பாட்டை அம்மாவுக்கு அனுப்பவேண்டும் என்று கேட்டாய். அடுத்த வியாழன் ஹோலுக்கு எடுத்துப் போன கசெட் மாறிவிட்டது. அவசரத்தில், நீ இன்னும் கேட்காத அந்தக் கசெட்டிலேயே பாட்டு பதிந்துபோயிற்று. பிறகு கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. ஐப்பசியில் திரும்பவும் சண்டை. ஐப்பசி நடுவில் வீட்டில் ஷெல் விழுந்து அம்மா போய்விட்டாள். எங்களுக்குச் செய்தி வரக் கார்த்திகை ஆகிவிட்டது.

மேலே இருக்கிற பந்தியை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். திரும்பி வந்து படித்துப் பார்த்தேன். கசெட் மாறியது என்றும் ஆள் கிடைக்கவில்லை என்றும் என்ன அழகாக எழுதியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. அந்தத் தாளைக் கிழிக்கப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். பொய் சொல்கிறபோது உன் அப்பாவின் கையெழுத்து எவ்வளவு வடிவாக இருக்கிறது என்று நீயும் பார். கசெட் மாறவில்லை. தெரிந்துதான் கொண்டுபோனேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கேட்டது இது. முதலில் என்னோடு கதைத்தாள். சண்டை முடிந்துவிட்டது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், நீங்கள் அங்கே கக்கூசு கழுவி என்ன காணப் போகிறீர்கள், இரண்டு பேரும் திரும்பி வாங்கோ என்றாள். உங்களுக்கு வர விருப்பம் இல்லாவிட்டால் பிள்ளையையாவது அனுப்புங்கோ, ஐயாவை விட்டிட்டு நான் அங்கை வாறது நடக்காத காரியம் என்றாள். கக்கூசு என்றது என்னைச் சுட்டது. பிள்ளையையாவது என்றது அதைவிடச் சுட்டது. பிறகு குரலை மாற்றி உன்னோடு கதைக்கத் தொடங்கினாள். பிள்ளை, பல்லு முளைச்சிட்டுதோ, அப்பா தலை இழுத்தால் சொல்லு, உன்ர பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்து வைச்சிருக்கிறன், இஞ்சை வாறியோ என்று கேட்டாள். அதோடு நான் பொத்தானை அமத்தி நிறுத்திவிட்டேன். மிச்சத்தைக் கேட்கவில்லை. நீ இதைக் கேட்டால் போகவேண்டும் என்று அழுவாய் என்பது எனக்குத் தெரியும். ஓரிரவுகூட ஒழுங்காகத் தூங்காமல் இரண்டு வேலை செய்து உன்னைப் பார்த்தவன் நான், ஒரு வெள்ளைச் சட்டையைக் காட்டி உன்னைக் கூப்பிடுகிறாளே என்று நினைத்தேன். உன் அம்மா மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வகுப்பில் எத்தனை பெடியங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

நீ வீட்டுக்கு வந்ததும், “அம்மான்ர கசெட் வந்ததாமே, என்ன சொன்னவா?” என்று கேட்டாய். வெக்கையில் பழுதாகிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை, சுகமாம் என்றது மட்டும் விளங்கியது என்றேன். நீ முகத்தைத் தொங்கப்போட்டாய். பிறகு நீயே வழியும் கண்டுபிடித்தாய். “அப்ப நாங்கள் இதிலையே பாட்டைப் போட்டு அனுப்புவம்” என்றாய். நான் ஓம் என்றேன். நீயாகக் கேட்டாயே என்று எனக்கு அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது.

மிஸ் தண்டிக்குப் பதிவு செய்வது பிடிக்காது. பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் காதை விட்டுவிடுவார்கள் என்பார். தூர தேசத்தில் இருக்கிற தாய்க்கு என்றதும் ஒத்துக்கொண்டார். நான் சந்தையில் பழையதாக வாங்கிய ரெக்கோடரைக் கொண்டுபோய்க் கதிரையில் வைத்தேன். சிவப்புப் பொத்தானை யார் அமத்துவது என்று வந்தபோது நீ ஓடி வந்தாய். “நான் அமத்தட்டோ அப்பா?” என்றாய். அமத்து என்றேன். பிள்ளை, இதை எழுதத்தான் எனக்குக் கை ஓடவில்லை. விரல் உன்னுடையது. அதைத் தவிர மற்றதெல்லாம் என்னுடையது. நீ சின்னப் பிள்ளை, அடியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதை ஒரு நாளும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

ஆள் கிடைக்கவில்லை என்றதும் பொய். புரட்டாசி கடைசியில் எங்கள் கீழ்க்கடை அண்ணை கொழும்புக்குப் போனார். “தம்பி, வீட்டை ஏதும் கசெட் குடுக்க இருக்கோ?” என்று படியேறி வந்து கேட்டார். இல்லை அண்ணை, இந்த முறை ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்சம் காயட்டும் என்று நினைத்தேன். பிள்ளையைக் கேட்டவள் மறுமொழிக்கு ஒரு மாதம் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், அப்போது தெரியும் தனியாக இருக்கிறது என்றால் என்னவென்று. உனக்கு அனுப்பியாயிற்று என்றேன். பிறகு செய்தி வந்து, நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தபோது, “அம்மா என்ர பாட்டைக் கேட்டவாவோ?” என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாய். கேட்டவா, நல்லாச் சந்தோசப்பட்டவா என்று அங்கையிருந்து ஆள் சொன்னது என்றேன். அதைக் கேட்டுத்தான் எழும்பிச் சாப்பிட்டாய். அன்றைக்கு வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உன்னை அனுப்பியிருந்தால் நீயும் அந்த வீட்டுக்குள் இருந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லி ஆறியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் நான் உன்னைக் காப்பாற்ற நினைத்து அதைச் செய்யவில்லை. ஷெல் வரும் என்று எனக்கென்ன தெரியும்? எனக்கு இந்த ஊரில் நீ இல்லாமல் இருக்கப் பயம், அவ்வளவுதான். செய்த வேலைக்குப் பிறகு வந்த நியாயத்தை எடுத்துப் போர்த்திக்கொள்ளாதே, சுகந்தி. நான் போர்த்திப் பார்த்தேன். குளிர் விடவில்லை.

அடுத்த வருசம் வரை கசெட்டைத் தொடவில்லை. மிஸ் தண்டி பள்ளிக்கூடத்தை விட்டு ஊருக்குத் திரும்பிப் போன கிழமை, நீ அழுதுகொண்டு பள்ளிக்குப் போன ஒரு காலையில், உங்கள் பாட்டைக் கேட்கவேண்டும் போல இருந்தது, போட்டேன். அவர் கூப்பிட்டார். பிறகு அந்த இரண்டு மூச்சு. அதற்குள் யாரோ கதைத்தது. மிக மெல்லியதாக, சுவருக்கு அந்தப் பக்கம் கதைப்பது போல. நீங்கள் மறுமொழி பாடத் தொடங்கியதும் அது மறைந்துவிட்டது. அவர் திரும்பக் கூப்பிட்டு ஓய்ந்ததும் திரும்பக் கேட்டது. பல்லு என்றது விளங்கியது. ரெக்கோடரை நிறுத்திவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டேன். எனக்கு விசர், பைத்தியம் பிடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். பியானோ ஒன்று சேர்ந்து அடித்திருந்தால் அந்தக் குரல் எனக்கு ஒரு நாளும் கேட்டிராது.

யாரிடம் போய்ச் சொல்வது? தெரிந்தவர்கள் இல்லாத இடமாகப் பார்த்து, அப்டன் பார்க்கில் ரேடியோ திருத்துகிற எங்கள் பெடியன் ஒருவனிடம் கசெட்டையும் ரெக்கோடரையும் கொண்டுபோனேன். காதில் மாட்டிக் கேட்டான். முழுவதையும் கேட்டான். “அண்ணை, உங்கட ரெக்கோடரில அழிக்கிற ஹெட் தேஞ்சு போச்சு. மேல பதியிறது பதியும், கீழ இருந்தது முழுசா அழியாது. பாட்டுக்குக் கீழ ஒரு அம்மா கதைக்கிறா” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, “பாட்டு முடிஞ்ச பிறகும் விட்டுக் கேட்டனீங்களோ? அங்கை அவ தெளிவாவே கதைக்கிறா” என்றான்.

நான் கேட்டிருக்கவில்லை. பிள்ளைகள் கை தட்டிச் சிரித்து ஓய்ந்ததோடு முடிந்தது என்று எப்போதும் நிறுத்திவிடுவேன். அம்மா கதைத்த நேரம் உங்கள் பாட்டின் நேரத்தைவிடக் கூடுதல். அந்தச் சனிக்கிழமை ஆத்திரத்தில் நான் கேட்காமல் விட்ட மிச்சம் அழியாமல் அப்படியே இருந்தது. அடுத்த நாள் உன்னைப் பள்ளிக்குள் விட்டுவிட்டு வந்து கேட்டேன். நீயும் கேட்கப் போகிறாய். பாட்டின் மறுமொழிகளுக்குள் நீ தேடுகிற நடுக்குரல் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள். இடைவெளிகளில் அவள் சொல்வது விளங்காவிட்டால் என் பந்தியைப் பார், எனக்கு நினைவிருந்ததை எழுதியிருக்கிறேன், இல்லாததைச் சோடிக்கவில்லை. கடைசித் துண்டை மட்டும் நீ அவள் வாயாலேயே கேட்பாய். ஆனாலும் அது தனியாக இருக்கும்போது உன்னைத் திடீரென்று பிடிக்கக்கூடாது என்று இங்கே எழுதுகிறேன். அவள் சொல்வது இதுதான்.

“...அப்பா விடமாட்டார் எண்டும் எனக்குத் தெரியும், பிள்ளை. அவர் அப்பிடித்தான், உன்னை விட்டிட்டு இருக்கமாட்டார். அவர் மாட்டன் எண்டால் நீ அழப்படாது, என்ன? ஒரு சொல்லு அனுப்பச் சொல்லு. மாட்டன் எண்டாலும் பரவாயில்லை, அதை அனுப்பச் சொல்லு. ஐயாவைச் சின்னம்மா வந்து பாக்கிறன் எண்டவா. றோட்டும் இப்ப திறந்திருக்கு. மறுமொழி வந்த உடனை நான் வெளிக்கிட்டு வாறன்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரெக்கோடரை நிறுத்துகிற சத்தம். கசெட் என் கைக்கு வந்ததிலிருந்து சண்டை திரும்பத் தொடங்கும் வரை ஐந்து கிழமை இருந்தது. கீழ்க்கடை அண்ணை படியேறி வந்து கேட்டார். மாட்டேன் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது, பிள்ளை. அவள் அதற்குப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் அதைக்கூட அனுப்பவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. கோபம் வந்தால் போன் எடுத்துக் கத்து, நான் போனை வைக்காமல் கேட்பேன். இனி உங்கட முகத்தில முழிக்கமாட்டன் எண்டு தோன்றினால் அதையும் சொல்லு. சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்பா